மஞ்சள் பூச்சு

பிப்ரவரி வந்துவிட்டால் சபானா மேட்டுச் சமவெளியின் பூப்பண்ணைகளில் மனிதருக்கு உறக்கம் கிடையாது. வடக்கே பணக்கார நாடுகளில் காதலர் தினம். இங்கே பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ரோஜாக்கள் மடமடவென்று முற்றிக்கொண்டிருக்கும். காலை ஐந்து மணிக்கு, கூரைகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, எடில்மா தன் நாலு வயது மகள் மைராவைத் தோளில் சாத்திக்கொண்டு பண்ணை வாசலைத் தாண்டினாள். பிள்ளையின் கன்னம் அவள் கழுத்தில் நெருப்பாகச் சுட்டது. அப்படியும் வாயிலிருந்த வெல்லத் தண்ணீர்ப் புட்டியை அது விடவில்லை.

பண்ணையின் காப்பகம் பேக்கிங் கூடத்தை ஒட்டிய ஒற்றை அறை. முப்பத்துநான்கு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள டோரிஸ் என்ற ஒருத்தி.

“என்னடி, புள்ள மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?”

“பல்லு வலிக்குதுக்கா. லீவு கேட்டா மேற்பார்வை பாக்கற அந்தாளு குதிப்பான். கொஞ்சம் பாத்துக்கங்க.”

“பாத்துக்கறேன். முப்பத்துநாலுல ஒண்ணா பாத்துக்கறேன்.”

ஏழாம் கூடாரத்துக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க இரவு கந்தகத்தை ஆவியாக்கி விட்டிருந்தார்கள். இலைகளெல்லாம் மஞ்சள் படலம். மூச்சை இழுத்தால் தொண்டை எரிந்தது. எடில்மா இடது கையால் மொட்டின் கழுத்தைப் பிடித்து, வலது கைக் கத்தரியைத் தண்டின் கீழே கொண்டுபோய் நறுக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. வெளியிதழ் ஒன்று லேசாகப் பிரிந்ததும் வெட்டியாக வேண்டும். சற்றுப் பொறுத்தாலும் பூ விரிந்து குப்பைக்குப் போய்விடும். முட்கள் கையுறையைத் துளைத்து விரலில் ஏறின. ரோஜா வெட்டுகிறவளுக்குத் தன் கையைப் பார்க்க நேரமில்லை, பிள்ளையின் வாயைப் பார்க்க எங்கே நேரம்?

பத்து மணிக்கு டோரிஸ் ஆள் அனுப்பினாள். பிள்ளைக்கு ஜுரம் ஏறிவிட்டது. மேற்பார்வையாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னான்: “போறதுன்னா போ. நாளைக்கு உன் வரிசை உனக்கிருக்கும்னு மட்டும் நெனைக்காத.”

அவள் போனாள்.

ஊர் சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் மைராவின் மேல்வரிசை முன்பற்களில் இரண்டைப் பிடுங்கினார். மற்ற இரண்டு வீக்கம் வற்றிய பிறகு. பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு மடியில் சுருண்டது. கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் ஹிமேனா திரும்பிப் பார்த்தாள். வெடுக்கென்று பேசுகிற சின்னப் பெண்.

“போன அக்டோபர்ல இந்தப் பல்லுல ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்துச்சு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதுக்குத்தான் காப்பகத்துக்கே வந்து பூசிட்டுப் போனேன். நீங்கதான சொரண்டி எடுத்தீங்க?”

எடில்மாவுக்கு அந்த மஞ்சள் நினைவுக்கு வந்தது.

அக்டோபரில் ஒரு மாலை. வேலை முடிந்து பிள்ளைகளைத் தூக்க வந்த பெண்கள், அந்தப் பிள்ளைகளின் பற்களெல்லாம் மஞ்சளாக இருப்பதைக் கண்டார்கள். பூப்பண்ணையில் மஞ்சள் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். கந்தகம் அடித்த இலையில் மஞ்சள், மருந்து தெளிப்பவனின் கால்சட்டையில் மஞ்சள், அவன் துப்புகிற எச்சிலில் மஞ்சள். “மாதாவே, புள்ளைங்க வாயில மருந்து அடிச்சுட்டானுங்க!” என்று முதலில் அலறியவள் எடில்மாதான். யாரோ ஒருத்தி வந்து எதையோ பூசிவிட்டுப் போனாள் என்பதற்கு மேல் டோரிஸுக்கும் தெரியவில்லை. ஏப்ரன் துணியால், நகத்தால், உப்பால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்கள். மறுநாளே அவள் முதலாளிக்குக் கடிதம் எழுதினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெண்கள் அத்தனை பேரும் கீழே கையெழுத்திட்டார்கள். கையுறை கேட்டும், கழிவறை கேட்டும் எழுதிய கடிதங்களுக்கு ஒன்பது வருடமாகப் பதில் வந்ததில்லை. இதற்கு மட்டும் அன்றைக்கே உத்தரவு போட்டார்: வெளியார் யாரும் காப்பகத்துக்குள் நுழையக் கூடாது. பெண்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள், பாவிகள்.

“அது மருந்தில்லையா டாக்டரம்மா?”

“நான் டாக்டரில்ல. அது பல்லைக் கெட்டியாக்கற பூச்சு. நெறமே மஞ்சள்தான். ஒரு ராத்திரி இருந்துட்டு தானா போயிடும். மூணு மாசத்துக்கு ஒருதரம் பூசணும். உங்ககிட்ட மொதல்ல சொல்லாதது என் தப்பு. நீங்க வர்ற நேரம் வரைக்கும் என்னைய அங்க இருக்க விடல. அதுக்கப்புறம் ரெண்டு தடவ வந்தேன். வாசல்லயே உங்க கடுதாசியக் காட்டித் துரத்திட்டாங்க.” ஹிமேனா கையைத் துடைத்துக்கொண்டாள். “புட்டியில என்ன குடுக்கறீங்க?”

“வெல்லத் தண்ணி. தூங்கறப்போ ஒண்ணு. எல்லாரும் குடுக்கறதுதான்.”

“காப்பகத்துல?”

எடில்மாவுக்குத் தெரியவில்லை.

“பின்பல்லு இன்னும் நல்லாத்தான் இருக்கு. அதையாவது காப்பாத்துங்க. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் வாசலுக்கு வருவேன்.”

பூ நெருக்கடியில் ஆள் போதாததால் மறுநாளும் அவள் வரிசை அவளுக்கே இருந்தது. டோரிஸைப் பிடித்துப் புட்டியைப் பற்றிக் கேட்டாள். டோரிஸ் வெடித்துவிட்டாள்.

“ஆறு புட்டி! ஒரு நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் ஆறு, வெல்லத் தண்ணி! வாயில புட்டி இருந்தாத்தான் தூங்குது. தூங்கலேன்னா நான் ஒருத்தி முப்பத்துநாலையும் என்ன செய்வேன்? இன்னொரு ஆள் வேணும்னு முதலாளிகிட்ட கேட்டேன். வெல்ல மூட்டை அனுப்பினான். திங்கக்கெழமை திங்கக்கெழமை வருது, தவறாம.”

மதியம் உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்தது. எடில்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், பக்கத்து வரிசைக்காரி மார்லென் கரண்டியைக் கீழே போட்டாள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு.

“ஏண்டி, அன்னிக்கு எங்க கையையெல்லாம் பிடிச்சுக் கையெழுத்து வாங்கினவ நீ. இன்னிக்கு அது அமிர்தம்ங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ?”

“தப்புப் பண்ணிட்டேன். என் புள்ள வாயில வந்து பாரு. அப்புறம் உன் புள்ள மேலுதட்டைத் தூக்கிப் பாரு. அதுக்கப்புறம் என்னையத் திட்டு.”

அன்று மாலை காப்பக வாசலில் பெண்கள் வரிசையாகக் குந்தி, தங்கள் பிள்ளைகளின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். வெள்ளைக் கோடு. பழுப்புப் பள்ளம். ஒரு பிள்ளைக்குக் கரிக்கட்டை மாதிரி நாலு வேர். மார்லென் தன் மகனின் உதட்டை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தாள். திட்டவில்லை.

வியாழக்கிழமை எட்டுப் பெண்கள் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலிலிருந்த குமாஸ்தா அவர்களை ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சொன்னான். கழற்றவில்லை. முதலாளி தோன் ஹெர்னான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“பால் பல்லுதானே, பொண்ணுங்களா? எப்படியும் விழுந்துடும். அதுக்காக இந்த வாரத்துலயா வந்து நிப்பீங்க?”

“விழற வரைக்கும் அதாலதான் ஐயா சாப்பிடணும்” என்றாள் மார்லென். “ரோஜாவுந்தான் ஒரு வாரத்துல உதிர்ந்துடும். அதுக்கு எத்தன மருந்து அடிக்கறீங்க!”

அவர் சிரித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். “‘எங்கள் குழந்தைகளின் வாயில் யாரும் எதையும் பூச வேண்டாம்.’ அழகான கையெழுத்து. யாருதும்மா?”

“என்னோடது” என்றாள் எடில்மா. “தப்பா எழுதிட்டேன். கந்தகம்னு நெனச்சோம். ஏன் அப்படி நெனச்சோம்னு நீங்க ஒருநாளும் கேக்கலியே? உங்க கூடாரத்துல மஞ்சளா இருக்கற எதுவும் எங்களுக்கு நல்லது பண்ணினதில்ல. அதான். நாளைக்கு வர்ற அந்தப் பொண்ணை உள்ள விடுங்க. காப்பகத்துக்கு இன்னொரு ஆள் போடுங்க. புட்டியில வெறுந்தண்ணி போதும். சாப்பிட்டதும் பல்லு தேய்க்கக் குழாயும் பிரஷும் வேணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“வேற ஒண்ணும் கேக்கலியா! இன்னிக்கு ஆள் வேணும்பீங்க, நாளைக்குச் சங்கம்பீங்க. பூவையெல்லாம் ஏத்தி அனுப்பி முடியட்டும், அப்புறம் பேசலாம். நாளைக்கு வாசல் திறக்காது.” காகிதத்தை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பனி இன்னும் கலையவில்லை. ஹிமேனா தோள்பையோடு இரும்புக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். காவல்காரர் சாவியைக் காட்டிக் கையை விரித்தார். பாவம், அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு.

ஏழாம் கூடாரத்தின் திரை விலகியது. எடில்மா வந்தாள். பின்னாலேயே மார்லென், அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர், ஏப்ரனோடும் பூட்ஸோடும். காப்பகத்திலிருந்து டோரிஸ் பிள்ளைகளை ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்க வைத்து நடத்திக்கொண்டு வந்தாள்.

“கதவு திறக்கலேன்னா என்ன? கம்பிக்கு நடுவுல வாய் வருமில்ல?” என்றாள் எடில்மா.

ஹிமேனா கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்து பார்த்தாள். பிறகு பையைத் திறந்து கையுறை மாட்டினாள். “யாராவது தலையைப் பிடிச்சுக்கணும்.”

சின்னத் தூரிகையின் நுனியில் மஞ்சள் தெரிந்ததுமே பெண்கள் தம்மை அறியாமல் பின்வாங்கினார்கள். புத்திக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. மார்லென் மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். எடில்மா மண்ணில் மண்டியிட்டாள். சில்லென்ற இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்து வாயைத் திறந்தாள்.

“மொதல்ல எனக்குப் பூசு.”

ஹிமேனா பஞ்சால் ஈரத்தைத் துடைத்து அவளுடைய முன்பற்களில் தூரிகையை ஓட்டினாள். எடில்மா எழுந்து திரும்பி எல்லாருக்கும் பல்லைக் காட்டினாள்.

“அழகுதான் போ” என்றாள் மார்லென். யாரோ சிரித்தார்கள். மார்லென் மகனைத் தூக்கிக் கம்பியருகே நிறுத்தினாள். “ஆ காட்டுடா என் ராசா. கடிச்சே, கொன்னுடுவேன்.”

ஏழு பிள்ளைகளுக்குப் பூசி முடித்தபோது மேற்பார்வையாளன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “அங்க மொட்டெல்லாம் விரியுது! அஞ்சு நிமிஷம் தரேன். உள்ள போகாதவ ஒருத்தியும் நாளைக்கு வாசல் மிதிக்க முடியாது!”

யாரும் நகரவில்லை. அவனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பெண்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றுகொண்டார்கள். வேலை போனால் மைராவை எங்கே விடுவது, என்ன சாப்பிடுவது, ஒன்றும் எடில்மாவுக்குத் தெரியாது. பயந்துகொண்டே நின்றாள்.

மைராவுக்குப் பின்பற்களில் பூசியாயிற்று. அடுத்து ஒரு சிறுமி கயிற்றை விடாமல் தனியாக நின்றாள்.

“இவ அம்மா எங்க?” என்று கேட்டாள் ஹிமேனா. “அம்மா வந்து சரின்னு சொல்லாம நான் தொட மாட்டேன். போன தடவை பட்டது போதும்.”

“நாலாவது கூடாரம்” என்றாள் டோரிஸ் மெதுவாக. “புதுசா சேந்தவ. பயந்துக்கிட்டு உள்ளயே இருக்கா.”

“நாங்க கூப்பிடறோம்” என்று மார்லென் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டாள். அவள் கூப்பிட்ட குரலுக்கு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிறுமியின் பெயர் பனிக்குள் கூடாரம் கூடாரமாக மோதிக்கொண்டு போனது.

பிறகு நாலாம் கூடாரத்தின் பிளாஸ்டிக் திரை விலகியது. இடுப்பில் கத்தரி தொங்க ஒரு பெண் வெளியே வந்து தயங்கினாள், நடந்தாள், ஓடி வந்தாள். அவள் தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் திரையை விலக்கிக்கொண்டு நாலாம் கூடாரமே வந்தது.