விழுந்ததாக மனைவி கூறினார்

தாமரைச்செல்வி சாட்சிக் கூண்டில் ஏறினாள். காலையில் அரியாங்குப்பத்தில் பஸ் ஏறுமுன் குடித்த அரை டம்ளர் டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. எதிரே மூன்றாவது பெஞ்சில் அவள் புருஷன் எழிலரசன் வலது காதை முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது காது செத்து மூன்று வருடம் ஆகிறது.

அந்தக் காதுக்காகத்தான் இந்த வழக்கே. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப்போகும் சின்ன வண்டி அவனுடையது. ஒரு நாள் காலை, வண்டியை எடுக்கச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டர் ஹரிகிருஷ்ணனிடம், “ஐஸை எறக்கிட்டு எடுத்துடறேன் சார்” என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் மறுநாள் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, கைதுக் குறிப்பு கிடையாது. காகிதத்தைப் பார்த்தால் அந்த இரண்டு நாளும் அவன் ஸ்டேஷன் வாசலையே மிதிக்கவில்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது காதில் வழிந்த ரத்தம் காய்ந்து சட்டைக் காலர் விறைத்திருந்தது. இடது கை விரல்கள் மடங்கவில்லை.

அரசாங்க உத்தியோகஸ்தர் மேல் வழக்குப் போடுவது லேசுப்பட்ட காரியமா? முதலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டுமாம், அவர்கள் யோசித்துப் பார்ப்பதற்கு. அடிக்கிறபோது எவனாவது இரண்டு நிமிஷம் யோசித்தானா? அப்புறம் வாய்தா, வாய்தாவுக்கு மேல் வாய்தா. அதற்குள் ஹரிகிருஷ்ணன் இன்ஸ்பெக்டராகிவிட்டார். எழிலரசன் வண்டியை விற்றுவிட்டு ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நின்றான்.

“நஷ்டஈடெல்லாம் அவங்களே வச்சிக்கட்டும் செல்வி. அவன் அடிச்சான்னு ஒரு ஜட்ஜு வாயால சொல்லணும். எனுக்கு அது போதும்” என்பான்.

குறுக்கே நின்றது ஆஸ்பத்திரிப் பதிவேடு. எழிலரசன் மாடிப்படியில் விழுந்ததாக அதில் எழுதியிருந்தது. டாக்டர் போலீசிடம் துட்டு வாங்கிக்கொண்டு எழுதிவிட்டார் என்று அவன் அடித்துச் சொல்வான். அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே காறித் துப்புவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாமரைச்செல்வி மடியைப் பார்த்துக்கொள்வாள்.

விழுந்ததாகச் சொன்னது அவள்தான். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் தெருவில் குடித்துவிட்டு மண்டை உடைந்தாலும், மச்சானோடு கட்டிப் புரண்டு கை முறிந்தாலும், ஆஸ்பத்திரியில் சொல்வது ஒன்றுதான்: விழுந்துட்டாரு. அடி என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், போலீஸ் வந்து எழுதுகிறவரை ஆளைத் தொட மாட்டார்கள் என்று தெருவே நம்பியது. அவள் அண்ணன் கலைவாணனை ஒருவன் பாட்டிலால் குத்தியபோதும் அவள்தான் அதைச் சொன்னாள். இந்த முறையும் அது பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எழிலரசனின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “படியில விழுந்தா உள்ளங்கால் இப்படியா வீங்கும்மா?” என்று மறுபடி கேட்டார். “ஆமா சார், விழுந்துட்டாரு, சீக்கிரம் பாருங்க” என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

எழிலரசன் அப்போது மயக்கத்தில் இருந்தான். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

போன வாரம் வக்கீல் ஹேமலதா கேட்டாள், “ஆஸ்பத்திரியில உங்ககூட போலீஸ்காரங்க யாராவது நின்னாங்களாக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யாரும் இல்ல மேடம்.”

“நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் ஹேமலதா. கேஸ் கட்டை மூடி நாடாவைக் கட்டினாள்.

தாமரைச்செல்விக்குப் புரியாமல் இல்லை. மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார், மிரட்டினார். ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதும் துணி பிழியும்போதும் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொய்தான், ஆனால் அடித்தது பொய்யில்லையே.

எழிலரசன் காது சிகிச்சையில் இருந்ததால், அனுமதி வாங்கி இவளை முதல் சாட்சியாக ஏற்றியிருந்தார்கள். அரசு வக்கீல் பதிவேட்டு நகலை நீட்டினார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமா சார்.”

“விழுந்துட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்ப பக்கத்துல போலீஸ் யாராவது இருந்தாங்களா?”

மீசை வைத்த போலீஸ்காரர் நாக்கு நுனிவரை வந்துவிட்டார். தாமரைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். எழிலரசன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனுஷன் கேட்டதெல்லாம் ஒரே ஒரு உண்மை. அதை வாங்குவதற்கு இன்னொரு பொய்யா? ஏற்கெனவே சொன்ன பொய்யே இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

“யாரும் இல்ல சார். நானாத்தான் சொன்னேன்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

“அன்னைக்குத்தான் சார்.”

“தேவைப்பட்டா பொய் சொல்லுவீங்க. சரி, அவ்வளவுதான்” என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஹேமலதா எழுந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். தாமரைச்செல்வி தெரு வழக்கத்தைச் சொன்னாள், ரத்தத்தைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள். நீதிபதி அதை இரண்டு வரியாகச் சுருக்கிச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தாள். படித்துக் காட்டியபோது, மாட்டிக்கொண்டவள் சொல்லும் சாக்குப்போலவே இருந்தது. அதன் கீழும் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் எழிலரசன் அவள் தோளைத் தொட்டான். “இன்னா கேட்டாரு அந்தாளு? ஃபேன் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. டாக்டரு துட்டு வாங்கினாருன்னு சொன்னியா?”

மெல்லச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. சுற்றிலும் ஆள். அவள் அவன் வலது காதருகே போய்க் கத்தினாள். “டாக்டரு மேல தப்பில்ல மாமா! நீ விழுந்துட்டன்னு நான்தான் சொன்னேன்! நான்தான்!”

வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழிலரசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீயா?” என்றான். “அந்த டாக்டரு புள்ளைய மூணு வருசமா திட்டினேனே செல்வி.”

அடுத்த வாய்தாவில் அவன் சாட்சி. ஹேமலதா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: ‘ஆஸ்பத்திரியில உங்க மனைவி சொன்னது பொய்னு நீங்க கூண்டுல அழுத்திச் சொல்லணும். வேற வழி இல்ல.’

மடங்காத விரல்களுக்கிடையில் தாளைச் செருகிப் பிடித்து, இரண்டு தடவை படித்தான். தாமரைச்செல்வி, “சொல்லு மாமா, எனுக்கு ஒண்ணுமில்ல” என்று கையால் ஜாடை காட்டினாள். உள்ளே உயிர் போய்க்கொண்டிருந்தது.

“இவ பொய்க்காரின்னு ஊரு கேக்க நான் சொன்னாத்தான் அவன் அடிச்சது நெஜமாவுமா மேடம்?” என்றான் எழிலரசன். தாளை ஹேமலதாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

“அப்ப நான் விழுந்ததாவே இருக்கட்டும்.”

காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கத்தான் சொன்னான். வராந்தாக் கோடியில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஹரிகிருஷ்ணனுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும்.