வரும்போதே காய்ச்சல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டம்ளர் வரக்காப்பியில் கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கொடைக்கானலில் அப்படியொரு ஆஸ்பத்திரியே இல்லை என்று சத்தியம் செய்வேன். (சத்தியம் செய்கிறவனை நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான்.)

வருஷம் 1979. நான் அங்கே அட்மிஷன் குமாஸ்தா. பெயர், ஊர், வயது, வந்தபோது இருந்த காய்ச்சல், இவ்வளவையும் அட்டையில் எழுதுவது என் சோலி.

2

முதல் தொடக்கம்: 'மலையெங்கும் பனி இறங்கியிருந்த அந்தக் காலையில்...'

சீ, வேண்டாம். கொடைக்கானல் என்றாலே எல்லாரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: பள்ளங்கிப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தார் புதுசாக ஒரு விதி போட்டார்கள். அதுவரை தொழிலாளி எத்தனை நாள் கட்டிலில் கிடந்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவார்கள். புண் சீழ் பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம். இனி அந்தக் கதை நடக்காது. ஆஸ்பத்திரியில் தொற்றியது என்றால் ஆஸ்பத்திரிதான் தன் செலவில் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் என்றால் அது தொழிலாளி பாடு.

நல்ல விதிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். வார்டில் பன்னிரண்டு கட்டிலுக்கும் புண் கழுவ ஒரே பேசின். இனியாவது அதைக் கொதிக்க வைப்பார்கள் என்று பார்த்தேன்.

"வெறகுக்கு எங்கய்யா போறது?" என்றார் டாக்டர் சேனாதிபதி.

மறுவாரமே வாசலில் அடுப்பு எரிந்தது. வருகிற நோயாளிக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க வரக்காப்பி. குடித்து வாயைத் துடைப்பதற்குள் நாக்குக்கடியில் தெர்மாமீட்டர். எல்லாருக்கும் நூறு, நூற்றொன்று. நான் எழுதினேன்: 'வரும்போதே காய்ச்சல்.'*

* டாக்டர் தெரிந்துதான் செய்தாரா? குளிருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்பார். ஆறே மாதத்தில், ஆஸ்பத்திரியில் தொற்றிய காய்ச்சல் மாதம் ஒன்பதிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. மதுரையில் ஒரு கூட்டத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். இரக்கத்துக்குச் சால்வை போர்த்தி நான் பார்த்ததில்லை.

3

சிவபாக்கியம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். இங்கே காப்பித் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தாள்.

அன்றைக்கு அடுப்பு பற்ற நேரமாகிவிட்டது. நர்ஸ் கருப்பம்மாள் மறதியாகத் தெர்மாமீட்டரை முதலில் வைத்துவிட்டார்.

"தொண்ணூத்தெட்டு, டாக்டர்."

"குளிர்ல வந்திருக்கால்ல? காப்பி குடிக்கட்டும். மறுபடி வைங்க."

"பேரு கேக்க முன்னமே கோப்பி தாறாங்களே, நல்ல ஆஸ்பத்திரிங்க ஐயா" என்று சிவபாக்கியம் என்னிடம் சொன்னாள். குடித்தாள். நூற்றொன்று.

இரண்டு எண்ணும் என் காதில் விழுந்தன. ஒன்றைத்தான் எழுதினேன்.

(இந்த இடத்தில் அவளையும் சந்தேகப்பட முயன்றேன். உள்ளுக்குள் காய்ச்சலை மறைத்து வந்தவளோ என்று ஒரு பத்தி எழுதினேன். படிக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

4

ஐந்தாம் நாள் அவள் புண்ணில் சீழ் வைத்தது. பத்தாம் நாள் என் அட்டையைப் பார்த்துத் தோட்டம் கைவிரித்தது. டாக்டர் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வாய் பிளந்த புண்ணோடு அவள் மலையிறங்க வேண்டும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஐயா, நான் வரக்குள்ள காய்ச்சல் இருந்துச்சா? நீங்கதானே எழுதினீங்க. இருந்துச்சுன்னா போயிடுறேன். இல்லைன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, கட்டில்ல விடுவாங்க."

டாக்டர் அறைக் கதவு திறந்திருந்தது. நான்

5

முடிவு ஒன்று: எழுந்து நின்றேன். "தொண்ணூத்தெட்டுங்க டாக்டர்" என்றேன். எனக்கு வேலை போயிற்று. அவளுக்குக் கட்டில் கிடைத்தது.

முடிவு இரண்டு: "அட்டையில இருக்கதுதாம்மா" என்றேன்.

முதல் முடிவை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். இரண்டாவதை ஒரே தடவைதான் எழுதினேன். திருத்த எதுவும் இல்லை. 1986-இல் அதே ஆஸ்பத்திரியில் ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பயம்தான், வேறென்ன. ஆகவே கடைசி வாக்கியம் இப்படி நிற்கிறது:

அன்று மலையிறங்கிப் போன சிவபாக்கியம் [                    ].

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் பிழைத்துவிட்டாள் என்றுதான் எழுதுவேன்.