நாலு மொட்டை டயர்

என் வேனின் நாலு டயரையும் கழற்றிக்கொண்டு போனவன் வேறு யாருமில்லை, மீன்பிடிப் படகு வைத்திருக்கும் என் கொழுந்தன் ரெக்சன்தான். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசையில் இருந்த நேரம் பார்த்து, ஆம்னியை டயர் கடைக்கு ஓட்டிப் போய், புதுசு மாட்டிக் கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்தியிருந்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? கணவர் வில்பிரட் கப்பலில் இருக்கிறார். எங்கள் தெருப் பிள்ளைகளை அந்த வேனில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது என் தொழில். என்னைக் கேட்காமல் என் வண்டியைத் தொட இவன் யார்?

“ஏலே, யாரக் கேட்டுலே கழட்டுன?”

“எம் போட்டுக்குத்தான் மதினி. பக்கத்துல கட்டித் தொங்கவிட மொட்ட டயருதான் தோது. பட்டன் தேயாத புது டயரு அடுத்த போட்டு பெயிண்ட ஒரசிரும்லா.”

“எனக்கும் மொட்டதாம்லே தோது. ரப்பர் முழுசா ரோட்டுல படும். நல்லாப் பிடிக்கும்.”

“காஞ்ச ரோட்டுல பிடிக்கும். மழைல?”

“தூத்துக்குடில என்னைக்குலே மழ பெய்யுது?”

போன மாதம் ஒரு சின்னத் தூறலில், நான் பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி தன்பாட்டுக்கு வழுக்கிப் போனபோது அவன்தான் பக்கத்தில் இருந்தான். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் என் டயர் வந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரெக்சனின் மகள் ஜெர்லின் வழக்கம்போல முன்சீட்டில். திருச்செந்தூர் ரோட்டில் எது உப்பளம், எது ரோடு என்றே தெரியவில்லை. முன்னால் போன உப்பு லாரியின் தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்க, லாரி சட்டென்று நின்றுவிட்டது.

“மாதாவே!” என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். டயர் தண்ணீரை இரண்டு பக்கமும் விசிறியடித்துவிட்டுத் தரையைப் பிடித்தது. ஸ்டீயரிங் என் சொல்பேச்சு கேட்டது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் விட்டு வண்டி நின்றது.

“பெரியம்மா, வாட்டர் பாட்டில் கீழ விழுந்துட்டு” என்றாள் ஜெர்லின். சேதம் அது ஒன்றுதான்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். மழைக்குப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. ரெக்சன் படகின் பக்கவாட்டில் ஏற்கெனவே வரிசையாக டயர்கள். இடமே இல்லாத இடத்தில் என்னுடைய நாலும் தொங்கின.

என்னைக் கண்டதும் பதறினான். “கோவப்படாதிய மதினி. நாலுலயும் ஓட்ட போட்டுட்டேன். இனி வண்டிக்கு ஆவாது.”

“எதுக்குலே ஓட்ட?”

“மழத்தண்ணி உள்ள தேங்குனா கனத்து, கயிறு அறுந்துரும்லா. தண்ணி போவ வழி வேணும்.”

திரும்பி என் வண்டியைப் பார்த்தேன். புது டயரின் பள்ளங்களிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளங்களும் அதற்குத்தானே.

நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே குறுக்கிட்டான். “ஜெர்லின் எங்க இருந்தா?”

“முன்னால. எம்பக்கத்துல.”

ரெக்சன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“போட்டுக்குன்னு ஏம்லே பொய் சொன்ன?”

“உள்ளதச் சொன்னா கேட்டிருப்பியளா?”

கேட்டிருக்க மாட்டேன். சண்டைக்குத்தான் போயிருப்பேன். “நல்லா இருலே” என்றேன்.

சாயங்காலமும் மழை விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பிள்ளையை இறக்கிவிட்டபோது, “இந்த மழையிலயும் பத்திரமாக் கொண்டு வந்துட்டிய, நல்லா இருப்பிய” என்றார்கள் அம்மாமார்கள்.

“அத ரெக்சங்கிட்டச் சொல்லுங்க” என்றேன் நான், வாசலுக்கு வாசல்.