புகார் பூஜ்யம்

உலகத்தில் இதுவரை நடந்த எல்லா அழிவுகளுக்கும் மூல காரணம் இரக்கம்தான் என்று துடைப்பம் முடிவு கட்டியிருந்தான். போர், பஞ்சம் எல்லாம் அப்புறம். முதலில் எவனோ ஒருவன் எவனுக்கோ பாவம் பார்த்து ஒரு விதிவிலக்கு கொடுத்திருப்பான்; அங்கேதான் எல்லாம் சறுக்கியிருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கணினிகளுக்கு டிஸ்ப்ளே டிரைவர் எழுதுகிற அலுவலகத்தில், கண்ணில் பட்ட பழைய நிரலையெல்லாம் பெருக்கித் தள்ளியதால் வந்த பட்டம் இது. டிரைவர் என்றால் காக்கிச் சட்டைக்காரர் அல்ல. கணினி நினைப்பதைத் திரையில் தெரியவைக்கிற மென்பொருள்.

திரையை மாட்டியதும் அது தன் பெருமையைக் கணினியிடம் சொல்லும்: என் அகலம் இவ்வளவு, நொடிக்கு இத்தனை முறை படத்தை மாற்றுவேன் என்று. சில பழைய திரைகள் வாய்கூசாமல் அளக்கும். தாங்குவது அறுபது, சொல்வது எழுபத்தைந்து. நம்பி அனுப்பினால் இருண்டுவிடும். அதற்காக டிரைவருக்குள் ஒரு விதிவிலக்குப் பட்டியல்: இன்ன திரை சொல்வதை நம்பாதே, அறுபதோடு நிறுத்து. புதிய பதிப்போ எந்தத் திரையிலும் உச்ச வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் சூரன். பட்டியல் அதன் காலைக் கட்டியது.

"இந்தத் திரையெல்லாம் ஊருக்கு ஒருத்தன்கூட வெச்சிருக்க மாட்டான். அவனுக்காக நாம எல்லாரும் நொண்டணுமா?" என்றான் துடைப்பம்.

"ஒவ்வொரு வரியும் எவனோ ஒருத்தன் வந்து கதறினதால சேத்ததுப்பா" என்றாள் சோதனைப் பிரிவு அக்கா.

"கதறினா கைக்குட்டை கொடுக்கலாம்கா. நிரல் எதுக்கு?"

அறையே சிரித்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்துத் தொலைத்தாள். நூற்று முப்பது வரிகள் போயின.

புதிய பதிப்பு அமோகமாக வெளியானது. புகார்களைக் காட்டும் வரைபடம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்தாள்.

அண்ணனின் தசைகள் மூன்று வருடமாக ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தன. பேச்சு போய்விட்டது. கண்களைத் தவிர மிச்சம் வலது கட்டைவிரல் மட்டும். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது பொத்தானை அழுத்துவான். வாக்கியம் சேர்ந்ததும் கணினி படித்துச் சொல்லும். அந்தச் சிரமத்தையும் தம்பியை வாருவதற்கே பட்டான். போன மாதம் முக்கால் மணி நேரம் அழுத்தி, "துடைப்பம், உன் சட்டை ஜன்னல் திரை மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

"ஸ்க்ரீன் கறுப்பாயிடுச்சு தம்பி. காலையில ஏதோ அப்டேட்னு வந்துச்சு."

"கேபிளக் கழட்டி மாட்டுங்க அண்ணி."

"மாட்டிட்டேன்."

"அப்ப கேபிளே போயிருக்கும். எங்க டிரைவரா இருக்காது. உலகம் பூரா ஒரு புகார்கூட வரல."

"ஒரு எட்டு வந்து பாத்தீங்கன்னா..."

"இந்த வாரம் தலைக்கு மேல வேலை. சனிக்கிழமை வர்றேன்."

"அதுவரைக்கும் அவர் எப்படிப் பேசுவார்?"

"நாலு நாள்தானே? அவன் வாய் கொஞ்சம் ஓயட்டும். நீங்களும் நிம்மதியா இருங்க."

அண்ணி சிரிக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை போய் திரையைத் திருப்பினான். அதன் முகத்தை நூறு தடவை பார்த்திருப்பான். முதுகை அன்றுதான் பார்த்தான். தூசி படிந்த ஸ்டிக்கரில் ஒரு மாடல் எண். அவன் கையாலேயே பெருக்கித் தள்ளிய எண். புகார் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. 'புகார் அனுப்பட்டுமா?' என்று கணினி கேட்பதும் திரையில்தான். கறுத்த திரைக்காரன் எதைப் பார்த்து 'ஆம்' என்று அழுத்துவான்?

பையில் கொண்டுபோயிருந்த சின்னத் திரையை மாட்டி, பழைய டிரைவரை ஏற்றி, பிறகு பெரிய திரையை மறுபடி மாட்டினான். எழுத்துகள் ஒளிர ஆரம்பித்தன.

"சொல்லுண்ணா. திட்டு வாங்கத்தான் வந்திருக்கேன்."

எழுத்துகள் முழுச் சுற்று வந்தன. இரண்டாவது சுற்றும் போனது. பொத்தான் பழுதோ என்று குனிந்து அதன் வயரை ஆட்டிப் பார்த்தான்.

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "வியாழக்கிழமையிலேருந்து விரல் வரல. என்னைக்கு வேணா நடக்கும்னு டாக்டர் முன்னாடியே சொன்னதுதான்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சனிக்கிழமை வர்றேன்னீங்களே."

அவன் பொத்தானையே பார்த்தான்.

"புதன்கிழமை அட்டையில எழுத்தெழுதிக் காட்டினேன். கட்டைவிரல நகத்தி நகத்தி என்னமோ சொல்லப் பாத்தார். எனக்குப் புரிபடல. அவருக்குக் கோபம், எனக்கு அழுகை. அப்புறம் கண்ண வேற பக்கம் திருப்பிக்கிட்டார்."

"கடைசியா மெஷின்ல என்ன சொன்னான்?"

"திங்கட்கிழமை. 'ஃபேனக் குறை'ன்னார்."

பார்வையால் இயங்கும் கருவிக்கு மனுப் போட்டிருந்தார்கள். கிடைக்க ஆறு மாதமாகும். ஆறு மாதம் என்று சொல்லும்போது அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இமையசைவை வைத்துக் கேட்கவும் வழியில்லை; அது தன் இஷ்டத்துக்கு மூடித் திறந்தது. அண்ணனின் கண்கள் மட்டும் எழுத்துகளோடு ஓடின. ஓர் எழுத்தில் போய் நிற்கும், எதில் என்று பார்ப்பவர்களுக்குப் பிடிபடாது. அது அணைந்து அடுத்தது ஒளிரும்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வரைபடம் அதே இடத்தில் படுத்திருந்தது. மேலாளர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். துடைப்பம் பட்டியலைத் திறந்து, அழித்த வரி ஒன்றைத் திரும்ப எழுதினான். பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. இரண்டு மூன்று தடவை எழுதி அழித்தான். கடைசியில், 'எழுபத்தைந்து என்று சொல்லும். நம்ப வேண்டாம்' என்று மட்டும் வைத்தான்.

ஒப்புதலுக்கு அக்காவிடம் போனது.

"எத்தனை பேர் கேட்டாங்கப்பா?"

"யாரும் கேக்கலக்கா."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். கைவசம் ஒரு கிண்டல் இருந்திருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டு ஒப்புதலை அழுத்தினாள்.

அவன் சாமான் அறைக்குப் போய், பழைய திரை ஒன்றை இடுப்பில் சாய்த்துத் தூக்கி வந்தான். மேசைமேல் வைத்து முதுகுப் பக்கம் திருப்பி, மாடல் எண்ணைப் படித்து, அழித்த வரிகளில் அதைத் தேடத் தொடங்கினான்.