பூட்டுக்கார வீட்டுப் பிள்ளை

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் மாமனார் வீட்டுச் சோற்றை மட்டும் விழுங்குகிறான் என்று நினைப்பவர்களுக்கு விவரம் போதாது. இவன் பெயரையும் சேர்த்து விழுங்கினான். ஆண் வாரிசு இல்லாத பூட்டுக்காரர், தன் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்கிறவனுக்குத்தான் பெண் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவனோ அந்தப் பெண்ணின் மேல் உயிரையே வைத்திருந்தான். பரம்பரைப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்களுடையதை மாட்டிக்கொண்டான். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இவனுடைய அப்பா, பிறகு இவன் பக்கம் திரும்பவே இல்லை.

இருபது வருடமாகக் கடையில் அரம் பிடித்தான். தெருவே இவனைப் 'பூட்டுக்கார வீட்டுப் பிள்ளை' என்றது. ஒரு குறை மட்டும் இருந்தது. வீட்டு வாசற்கதவின் பூட்டு மாமனாரின் தாத்தா செய்தது. சாவி இவனிடமும் உண்டு. ஆனால் சாவியைப் போட்ட பிறகு கை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதை அந்த வீட்டு ரத்தத்துக்கு மட்டும்தான் சொல்வார்கள். ஊரார் பூட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறவனை, அந்தப் பூட்டைக் கழற்றிப் பார்க்க மட்டும் மாமனார் விட்டதில்லை.

ஒருமுறை மனைவியிடம் கேட்டான்.

"அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். நான்தான் இருக்கேனே, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சிரித்தாள்.

இருக்கேனே என்றவள் இந்த வருடத் தொடக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். பேர் சொல்ல ஒரு பிள்ளையும் இல்லை. அதன் பிறகு மாமனார்க் கிழவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. இவனைப் பார்த்தால் மட்டும் அவர் வாயைத் திறப்பதில்லை.

இன்று காலை, இவனுடைய அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். குழியருகே பிள்ளைகள் மண் போட வரிசையாக நின்றார்கள். இவனும் குனிந்து ஒரு பிடி அள்ளினான். அண்ணன் முழங்கையைப் பிடித்தான்.

"நீ பின்னாடி போய் நில்லுடா. இது குடும்பத்து ஆளுங்க நிக்கிற இடம்."

"எனக்கும் அவர் அப்பாதானே அண்ணா?"

"அதை அவரோட பேரைத் தூக்கிப் போட்டப்ப யோசிச்சிருக்கணும்."

சண்டை போடத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய் நின்றான். கையில் இருந்த மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசலில் நாற்காலி இல்லை. கதவு பூட்டியிருந்தது. சாவியைப் போட்டான். அழுத்தினான், தூக்கினான், பின்பக்கமாகத் திருப்பினான். மனைவியின் மணிக்கட்டு எப்படி அசையும் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். வளையல் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. கதவைத் தட்டினான்.

"யாரு?" உள்ளே கிழவரின் குரல்.

"நான்தான் மாமா."

"நான்னா?"

குழியருகே பறிபோன அப்பாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"உங்க வீட்டுப் பிள்ளை, மாமா."

உள்ளே நாற்காலி கதவருகே இழுபடும் சத்தம் கேட்டது. கிழவர் அதில் உட்காருவதும் கேட்டது.

"எங்க வீட்டுப் பிள்ளையா? அப்ப திறந்துக்கிட்டு வா."