தீவுக்கு முன்னால் திரும்பியவர்

ஹோர்ட்டன் துறைமுகத்தில் கேப்டன் எய்விந்த் ஹோல்ம்போவைத் தெரியாதவர்கள் இல்லை. நார்வே கடற்படை அதிகாரி. வடதுருவப் பனிக்குள் எங்கள் கப்பலை நடத்திப் போனவர். அந்தக் கப்பலின் தச்சன் நான், டோர்கில்ட்.

கப்பல் பனியில் மாட்டிக்கொண்ட வருஷம், வடக்கே ஒரு தீவைத் தேடி கேப்டனும் நானும் ஸிகூர்ட் என்ற மாலுமியும் நாய்வண்டியோடு நடந்தோம். யாரும் கால் வைக்காத தீவு. அதில் கொடி நடுவதற்குத்தான் கடற்படை அவரை அனுப்பியிருந்தது. பல வாரம் நடந்த பிறகு ஒரு காலையில் அது தெரிந்தது. கரும்பாறை, மேலே பறவைக் கூட்டம். கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

அன்று மதியமே நான் பனிவெடிப்பில் விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. இருவரும் கயிறு போட்டு மேலே இழுத்தார்கள்.

"கூடாரத்துல என்னை விட்டுட்டுப் போயிட்டு வாங்க கேப்டன்" என்றேன்.

தென்காற்று கிளம்பி, பனிப்பாளங்கள் நகர ஆரம்பித்திருந்தன. அவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்: "நாங்க வர்ற வரைக்கும் இந்தப் பாளம் இங்கேயே நிக்கும்னு நீ உத்தரவாதம் தர்றியா?"

"தீவு கண்ணுக்குத் தெரியுதே."

"எனக்கும் கண்ணு இருக்கு. வாயை மூடிட்டு வண்டில படு."

எனக்கு இடம் பண்ண, உயிராக வைத்திருந்த அளவைக் கருவிகளைப் பனியிலேயே இறக்கி வைத்தார். நாய்களோடு தானும் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, கப்பலை நோக்கித் தெற்கே இழுத்தார்.

"உங்களைப் பார்த்து நாய்ங்க சோம்பேறி ஆகுது கேப்டன்" என்றான் ஸிகூர்ட்.

"அதுங்களாவது பேசாம வருதே" என்றார் அவர்.

மறு வருஷம் வேறொரு நாட்டுக் கப்பல் அந்தத் தீவில் கொடி நட்டது. பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. ஏன் திரும்பினீர்கள் என்று மேலதிகாரிகள் கேட்டபோது, "பனி சரியில்லை" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு துருவத்துக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. துறைமுகத்து மிதவைகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் படகைக் கொடுத்தார்கள். அதையும் போர்க்கப்பல் மாதிரி துடைத்து வைத்திருந்தார்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி ரங்னா எதையும் நேராகக் கேட்பவள்.

"அந்தத் தீவை நினைச்சு வருத்தமே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு ரங்னா. சில நாள் கண்ணு முழிச்சதும் அந்தப் பாறைதான் முன்னால நிக்குது. பொய் சொல்ல மாட்டேன்." உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். "ஆனா பாறைக்குச் சமைக்கத் தெரியாதே."

ரங்னா சிரித்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கேப்டன், இத்தனை வருஷமா சொல்ல வாய் வரல. இந்த வீடு, இவ, பிள்ளைங்க, எல்லாம் உங்களாலதான். நன்றி."

அவர் காது வரை சிவந்துவிட்டார். "மீன் ஆறுது, சாப்பிடு" என்றார்.

சாப்பாடு முடிந்து அவர் கணப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் கடைசிப் பெண் ஸிக்னே அவர் மடியில் ஏறித் தூங்கிப்போனாள். தூக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும், அவள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று காலை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.