போலீசுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

ரெட்டிபாளையம் பக்கத்தில் மதியம் சைரன் ஊதினால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஊருக்கு அது பழகிப்போன சத்தம். சுமதி வீட்டு நாய்க்குத்தான் பழகவில்லை. அதற்குப் பெயர் போலீசு. பெயர்தான் போலீசு, சைரன் கேட்டால் திருடன் மாதிரி நடுங்கும். வாயில் எச்சில் ஒழுகும், வால் காலிடுக்கில் போய்விடும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரே ஓட்டம்.

அறுந்த கயிறு ஒவ்வொரு தடவையும் பஞ்சநாதனின் ஆட்டுப்பட்டி வேலியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நாய் கத்தும், ஆடுகள் மிரளும். போன வாரம் அப்படி மிரண்டதில் ஒரு ஆட்டுக்குச் சினை கலைந்துவிட்டது. பஞ்சநாதன் வாசலில் வந்து நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"இந்தாம்மா, ஒண்ணு ஒன் நாயி இருக்கணும், இல்ல என் ஆடு இருக்கணும். முடிவா சொல்லிடு!"

முடிவைச் சொன்னது சுமதியின் புருஷன் சிங்காரவேலு. சுரங்கத்தில் அவருக்குக் காவல் வேலை. வெடி நேரத்தில் சிவப்புக் கொடியோடு பாதையில் நின்று ஆட்களை மறிப்பார். அதே பழக்கத்தில் வீட்டிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்திலிருந்து சுமதியின் அண்ணன் தங்கசாமி வண்டி கொண்டுவருவான், நாயை அவன் முந்திரித் தோப்பில் கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். மகள் பூங்குழலி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபின், பகல் முழுக்க சுமதியின் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

பூங்குழலிதான் கூரியரில் ஒரு சின்ன பாட்டில் லாவெண்டர் எண்ணெய் அனுப்பினாள். அந்தப் பூ வாசனை பட்டால் நாயின் பயம் தணியுமாம். போனிலும் படித்துப் படித்துச் சொன்னாள்.

"துணில ரெண்டே சொட்டும்மா. அது படுக்குற எடத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி வையி. மேல தடவிடாத, என்ன? நாய்க்கு மூக்கு ரொம்ப கூர்மை, தாங்காது."

ரெண்டு சொட்டாமே! எறும்புக்கா வைத்தியம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள் சுமதி. எண்ணெய் என்றால் உச்சியில் வைத்து உள்ளங்கால் வரை தேய்க்கிறது. அவளுக்குத் தெரிந்த எண்ணெய் அதுதான். பாட்டில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. ஆனால் பொம்பளைக்கு வெள்ளி, ஆம்பளைக்குச் சனி என்பது நாய்க்கு மட்டும் மாறிவிடுமா? போலீசு கடுவன். ஆகவே சனிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, அதில் பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, காது மடல், முதுகு, வயிறு என்று ஒரு இடம் விடாமல் அரக்கித் தேய்த்தாள். போலீசு தும்மியது, தலையை உதறியது, மூக்கைத் தரையில் தேய்த்தது.

"சும்மா இருடா. ஒன்ன இங்கயே வச்சுக்கத்தான் இந்தப் பாடு படுறேன்" என்று அதட்டிவிட்டுச் சீயக்காய் கரைக்கத் திரும்பினாள்.

அந்நேரம் பார்த்துச் சைரன் ஊதியது.

ஒரே இழுப்பு. எண்ணெய்க் கழுத்திலிருந்து பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கட்டும் இல்லை, கயிறும் இல்லை. போலீசு தெருவில் பாய்ந்துவிட்டது. கையெல்லாம் எண்ணெயோடு, செருப்பில்லாமல் சுமதி பின்னால் ஓடினாள். பட்டி வாசலில் பஞ்சநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"என்னம்மா இது, ஒன் நாயி கல்யாணப் பொண்ணாட்டம் மணத்துக்கிட்டுப் போவுது! சுரங்கத்துப் பக்கமால்ல போவுது!"

வெடிக்கிற பள்ளத்துக்குள் போய் விழுந்தால் எலும்புகூடத் தேறாது. தோப்பில் கட்டினாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டே சுமதி ஓடினாள்.

"அங்கயே நில்லு! வெடி!"

சிங்காரவேலுவின் குரல். சிவப்புக் கொடியோடு பாதையின் நடுவில் நின்றார். அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் போலீசு. காக்கிப் பேண்டெல்லாம் எண்ணெய். சுமதி அங்கேயே குந்திவிட்டாள். பூமி அதிர்ந்தது, தூரத்தில் புழுதி எழும்பியது. போலீசு நடுங்கியது, முகத்தை அவர் முழங்காலில் புதைத்தது. ஆனால் ஓடவில்லை.

எல்லாம் முடிந்தது என்ற சைரன் கேட்டதும் சுமதிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சோறு போடுறவ நானு, எண்ணெ தேய்ச்சவ நானு. ஒங்க கால்ல வந்து வுழுது பாருங்க, நன்றி கெட்ட நாயி!"

சிங்காரவேலு நாய் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"பஞ்சநாதன் பட்டி இந்த வழிலதான இருக்கு. அப்ப இத்தினி நாளும் எங்கிட்டதான் வரப் பாத்துருக்கு. ஆமா, சைரன் ஊதுனா நீ என்னா பண்ணுவ?"

"உள்ள போயி கதவச் சாத்திக்குவேன். எனக்கு மட்டும் பயமா இருக்காதா?"

"இத வெளில கட்டிப்போட்டுட்டு."

அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கசாமிக்குப் போன் போட்டார். "மச்சான், நாளைக்கு வண்டி வேணாம். ஒரு வாரம் பாப்பம்."

அன்று முழுக்கப் போலீசு சோற்றைத் தொடவில்லை. உடம்பை நக்கி நக்கி இரண்டு தடவை வாந்தி எடுத்தது. சுமதி தன்னையே திட்டிக்கொண்டு, சீயக்காய் போட்டுத் திரும்பத் திரும்பக் குளிப்பாட்டினாள். மகளிடம் மட்டும் இரண்டு சொட்டுதான் வைத்தேன் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை சைரன் ஊதியதும் அவள் முதலில் கயிற்றைத்தான் அவிழ்த்தாள். நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். போலீசு அவள் மடியில் ஏறப் பார்த்தது. முடியாமல், பாதி உடம்பை மட்டும் போட்டுக்கொண்டது. அதன் இரண்டு காதையும் அவள் கையால் பொத்தினாள். வெடி வெடித்தது, அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. நாய் மெல்ல முனகியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவள் வாய்விட்டு அலறாமல் இருந்தது அன்றைக்குத்தான்.